கேம்ப்புக்குப் போன மாப்பிள்ளை

எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த பால்ச்சாமியைப் பட்டாளத்துக்காரர் என்று சொன்னால் முழுநேரப் பட்டாளத்துக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். இல்லை என்று சொன்னால் அவருக்கே பொத்துக்கொண்டு கோபம் வரும். வருஷத்தில் பதினொரு மாதம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர் வேலை. மீதி ஒரு மாதம் ராணுவத்தின் ரிசர்வ் ஆஸ்பத்திரி ஒன்றில் சிப்பாய். இப்படி ஒரு உத்தியோகம் உலகத்தில் உண்டு என்பதே புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் விற்கிற எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் பெண்ணைக் கொடுத்து நாங்கள் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்த ஆஸ்பத்திரியின் வரலாறு எனக்கு மனப்பாடம். மாப்பிள்ளை வேறு எதைப் பற்றியும் வாய் திறக்கமாட்டார், அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாயை மூடமாட்டார். சீனாக்காரனோடு சண்டை நடந்து முடிந்த கையோடு மெட்ராஸில் ஒரு டாக்டருக்கு யோசனை வந்ததாம். இன்னொரு சண்டை வந்தால் கட்டுப் போடக்கூட ஆள் பற்றாதே என்று, ஊரில் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்த கம்பவுண்டர்களையும் வார்டு பையன்களையும் டிரைவர்களையும் சேர்த்தார். கூடவே நாவிதர், தையற்காரர், சமையற்காரர். எல்லாருக்கும் பச்சை உடுப்பு, பூட்ஸ். வருஷத்துக்கு ஒரு மாதம் வந்து பழகிவிட்டுப் போக வேண்டும், சண்டை வந்தால் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்க வேண்டும். கட்டடம் கிடையாது. அவிழ்த்துச் சுருட்டினால் லாரி லோடு, இறக்கிக் கட்டினால் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் செய்கிற இடம்கூடக் கித்தான் கூடாரம்தான்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அந்த ஆஸ்பத்திரிக்கு நோயாளியே கிடையாது. வருஷா வருஷம் கேம்ப் போட்டால் பழகுவதற்குக் காயம்பட்டவன் வேண்டுமே, அதற்காகச் சிப்பாய்களிலேயே சிலரைப் பிடித்துக் கழுத்தில் அட்டை மாட்டிப் பொட்டலில் படுக்க வைப்பார்களாம். ஒருவன் அட்டையில் ‘வயிற்றில் குண்டு’, இன்னொருவனுக்குத் ‘தலையில் அடி’. மற்றவர்கள் ஓடிவந்து ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போக வேண்டும். பால்ச்சாமி எண்பத்தொன்றில் மதுரையில் வேலை பார்க்கும்போது அதில் சேர்ந்தார். ஆள் ஒடிசலா, தூக்குவதற்குச் சுகம் என்று அவரையே நோயாளியாகப் படுக்க வைத்துவிட்டார்கள்.

"நான் ஊசி போடணும்னு போனேன் மச்சான். அவுக எனக்குக் காலு இல்லன்னு எழுதி மாட்டிட்டாக" என்று குறைப்பட்டுக்கொள்வார்.

திருச்சுழியில் சலூன் வைத்திருந்த இன்பராஜும் அந்த யூனிட்தான். ஒரு கேம்ப்பில் இவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய இன்பராஜ், கருவேலங்கட்டை தடுக்கிக் குப்புற விழ, ஸ்ட்ரெச்சரிலிருந்து உருண்டவருக்கு நிஜமாகவே தோள்பட்டை இறங்கிவிட்டது. கர்னல் டாக்டர் முதற்கொண்டு அத்தனை பேரும் ஆசையாக ஓடிவந்து வைத்தியம் பார்த்தார்களாம். "யூனிட்டு ஆரம்பிச்ச நாள்ல இருந்து வந்த மொத நெச நோயாளி நான்தான் மச்சான்" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஏதோ மெடல் வாங்கியவர் மாதிரி இருக்கும்.

இதெல்லாம் அவர் பின்னாளில் சொன்ன கதை. கல்யாணத்துக்கு முன்னால் தெரிந்திருந்தால் என் அப்பா காளிராஜ் பெண்ணைக் கொடுத்திருக்கவே மாட்டார். பட்டாளம் என்றாலே அவருக்கு ஆகாது. என் சித்தப்பா அறுபத்தைந்தாம் வருஷச் சண்டையில் போனவர். செய்தி வந்தது, உடம்பு வரவில்லை. அன்றைக்கே அப்பா சொல்லிவிட்டார், இந்த வீட்டிலிருந்து பட்டாளத்துக்கு ஆளும் போகாது, பெண்ணும் போகாது என்று.

எண்பத்தாறில் என் தங்கை தங்கச்செல்விக்குப் பரளச்சியிலிருந்து இந்தச் சம்பந்தம் வந்தது. தரகர் மாப்பிள்ளையின் பெருமையையெல்லாம் அடுக்கிவிட்டுக் கடைசியில், "வருசத்துக்கு ஒரு மாசம் கேம்ப்புக்குப் போயிருவாரு. அது ஒண்ணுதான்" என்றார்.

அப்பா உஷாரானார். "என்ன கேம்ப்பு? குடும்பக் கட்டுப்பாட்டுக் கேம்ப்பா?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல அண்ணாச்சி. இது பெரிய டாக்டருகளோட போறது. கெவர்மெண்டே சோறு போட்டு, சம்பளமும் குடுக்குது."

"அப்பக் கண்ணு கேம்ப்பு" என்று அப்பாவே முடிவு கட்டிவிட்டார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் கண் சிகிச்சை முகாம் நடக்கும். கம்பவுண்டர் கேம்ப்புக்குப் போகிறார் என்றால் வேறு என்ன நினைப்பது? "புண்ணியமான வேலை" என்று வெற்றிலையை மாற்றிக்கொண்டார். யாரும் பொய் சொல்லவில்லை. மாப்பிள்ளையோ, கேம்ப் என்றால் ஊருக்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த அப்பிராணி.

கல்யாணமாகி முதல் வருஷக் கேம்ப்பும் அப்படியே போயிற்று. தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, வெயிலில் கறுத்துத் திரும்பி வந்தார். என் அம்மா அவர் முன்னால் போய் உட்கார்ந்து, "மாப்ள, இந்தக் கண்ணைக் கொஞ்சம் பாருங்க, மங்கலா இருக்கு" என்றாள். அவரும் டார்ச் அடித்துப் பார்த்து, "பொறை முத்திருச்சு அத்தே, ஆபரேசன் பண்ணணும்" என்றார். அதற்கப்புறம் எங்களுக்குச் சந்தேகம் எப்படி வரும்?

தங்கச்செல்வி பரளச்சியில் மாமியார் கருத்தம்மாளோடு இருந்தாள். தங்கைக்கு வாய் நீளம், மாப்பிள்ளைக்கு வாயே கிடையாது. சோறு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் தலையாட்டுவார். உப்புக் கூடிவிட்டதா என்றாலும் அதே தலையாட்டல்தான். "ஒரு வார்த்த பேச மாட்டாக, நான்தான் செவுத்தோட பேசிக்கிட்டு இருக்கேன்" என்று என்னிடம் சண்டைக்கு வருவாள். சொல்லும்போதே சிரிப்பாள். சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

எண்பத்தேழு ஐப்பசியில் ஒரு காலை, கடையில் நல்ல கூட்டம். மாப்பிள்ளை, வேலை பார்க்கும் இடத்தில் மாற்றிக்கொண்ட முழுப் பச்சை உடுப்பில், பூட்ஸ் சத்தம் கேட்க, டிரங்குப் பெட்டியோடு வந்து நின்றார்.

அப்பா தராசிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "என்ன மாப்ள, பாரஸ்ட் ஆபீசுல வேல கெடச்சிருச்சா?"

"இல்ல மாமா. இலங்கைக்கு நம்ம பட்டாளம் போயிருக்குல்ல, காயம்பட்டவுக நிறையா வாராகளாம். எங்க யூனிட்டக் கூப்பிட்டுட்டாக. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? அப்பா கையிலிருந்த படிக்கல் கீழே விழுந்தது. "பட்டாளமா? ஏமாத்திட்டியேடா பாவி!" என்று வாடிக்கைக்காரர்கள் முன்னால் கத்தினார். மாப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கேம்ப்புன்னு சொல்லித்தானே மாமா கட்டுனேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று மத்தியானமே அப்பா பரளச்சிக்குப் போய்த் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அவளுக்கும் கோபம்தான். ஆனால் அப்பாவின் கோபம் வேறு, அவள் கோபம் வேறு. "கெளம்பையில எங்கிட்ட என்ன சொன்னாக தெரியுமா? கேம்ப்புக்குப் போறேன், வர நாளாகும்னு. அம்புட்டுத்தான். சண்டைக்குப் போறேன்னு பெண்டாட்டிகிட்டச் சொல்ல என்ன வெக்கம்?" என்றாள். அவர் எழுதிய கடிதங்களுக்கு அவள் பதில் போடவில்லை. கொஞ்ச நாளில் கடிதமும் நின்றுபோனது.

மறு வருஷம் லீவில் ஒரு தடவை வந்தார். அப்பா வாசலை மறித்து நின்றுகொண்டார். "எம் மகள நான் அனுப்ப மாட்டேன். பெரியவுகள வச்சுக் கல்யாணத்தத் தீத்து விட்டுருவோம்" என்றார். தங்கச்செல்வி கதவுக்குப் பின்னால் நின்றாள். வெளியே வரவில்லை. இவர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார், ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. கொண்டுவந்த பையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினார். எனக்கு இரண்டு பேர் மேலேயும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒன்று பேசித் தொலையாது, இன்னொன்று இறங்கித் தொலையாது!

அப்பா சொன்னதை நேரில் பேசி முடிக்க எண்பத்தொன்பதில் நான் மெட்ராஸுக்குப் போனேன். விமானத்தில் வந்து இறங்கும் காயம்பட்டவர்களை முதலில் வாங்கிக்கொள்கிற இடமாக அந்த யூனிட்டைப் போட்டிருந்தார்கள். கூடாரங்களும் தகரக் கொட்டகைகளுமாக நீளமாகக் கிடந்தது. அட்டை மாட்டி விளையாடியதாகப் பின்னாளில் சொல்வாரே, அந்த விளையாட்டெல்லாம் முடிந்துபோயிருந்தது. ஒவ்வொரு கட்டிலிலும் நிஜமாகவே கையில்லாதவன், கண்ணில்லாதவன். திருச்சுழி இன்பராஜ் ஒருவனுக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். கன்னத்தில் தையல் இருந்ததால் கத்தியை அவ்வளவு மெதுவாக இழுத்தார்.

மாப்பிள்ளை ஒரு கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் கட்டுப் போட்ட வடக்கத்திப் பையனுக்குத் தயிர்ச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பையனுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு இந்தி வராது. "ஏலே, இந்த ஒரு வாய் தின்னுருலே. உங்காத்தா அங்க என்ன நெனச்சுக்கிட்டு இருக்காகளோ. தின்னுட்டுத் தெம்பா ஊருக்குப் போகணும்ல" என்று சுத்தப் பரளச்சித் தமிழில் பேசிக்கொண்டே இருந்தார். அவனும் ஏதோ முனகிக்கொண்டே சாப்பிட்டான். வீட்டில் பேசாத பேச்சையெல்லாம் இங்கே பேசித் தீர்க்கிறார் மனுஷன்! நான் திட்டுவதற்குப் போனவன், அவர் கையலம்பி வரும்வரை ஓரமாக நின்றேன்.

அப்பா சொன்னதைச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "செல்வி என்ன சொல்றா மச்சான்?"

"அவ ஒண்ணும் சொல்லல மாப்ள." உண்மை அதுதான்.

"எதுவும் சொல்லலைன்னா அவளுக்கு இஷ்டமில்லைன்னுதானே அர்த்தம். என்னைக் கட்டி அவ ஏன் கஷ்டப்படணும்? இங்க வேல முடிஞ்சதும் வாரேன். மாமா சொல்ற மாதிரியே முடிச்சுக்கிருவோம்."

தொண்ணூறாம் வருஷம் சித்திரை மாதம், ஒரு சனிக்கிழமை காலையில் கடைக்குத் தந்தி வந்தது. இங்கிலீஷ். எங்கள் தெருவில் இங்கிலீஷ் என்றால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிற சங்கரபாண்டியன் சார்தான். ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். "டிஸ்எம்பாடீட். ரீச்சிங் சண்டே. பால்ச்சாமி."

"என்ன சார் போட்டிருக்கு?" என்றார் அப்பா.

சாரின் முகம் வெளுத்துப்போனது. "பாடின்னு இருக்கே அண்ணாச்சி. முன்னால டிஸ்னு இருக்கு, அது டிஸ்பாட்ச். அனுப்பிட்டாகன்னு அர்த்தம். நடுவுல எம்... அது எம்பாமிங். கெட்டுப்போகாம மருந்து போடுறது. தந்தியில சொல்லுக்குச் சொல்லு காசு வாங்குறாகல்ல, அதான் எல்லாத்தையும் ஒட்டி அடிச்சிருக்காக. நாளைக்கு ஞாயித்துக்கெழம வந்து சேருதாம். கடைசில ஆளு பேரு."

அப்பா அப்படியே புண்ணாக்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "பெட்டியாவது வருதே. எந் தம்பிக்கு அதுவும் வரலையே" என்றார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு, "தீத்து விட்டுருவோம்னு என் வாயாலயே சொன்னேனேடா! தீந்து போச்சேடா!" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் எங்களோடு சேர்ந்து ஒரு பாட்டம் அழ வேண்டியிருக்கும். ரிசர்வ் பட்டாளத்தில் ஆளை வேலைக்குக் கூப்பிட்டுச் சேர்த்தால் அதற்கு ‘எம்பாடி’ என்று பெயராம். வேலை முடிந்து வீட்டுக்கு அனுப்பினால் ‘டிஸ்எம்பாடி’. இவ்வளவுதான் விஷயம். இலங்கையிலிருந்து பட்டாளம் திரும்பிவிட்டது, யூனிட்டைக் கலைத்து அவரவர் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மாப்பிள்ளை தன் பேரைப் போட்டுத் தந்தி அடித்திருக்கிறார். இந்தப் பெயரை வைத்தவன் எந்த வெள்ளைக்காரனோ, அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி! அன்று நான் தபாலாபீசுக்கு ஓடி மெட்ராஸ் யூனிட்டுக்கு டிரங்கால் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்? அத்தனை பேரும்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறியிருந்தார்களே.

ஆக, அவர் உயிரோடு வந்துகொண்டிருந்தார். எதற்கு? என் தங்கையைத் தீர்த்துவிடுவதற்கு.

தங்கச்செல்வி தந்தியைக் கேட்டுவிட்டு அழவில்லை. "பரளச்சிக்கு வண்டி பிடிண்ணே" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பரளச்சி வீட்டு முன்னால் பந்தல் போட்டாகிவிட்டது. கொட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். ராணுவ லாரியில் பெட்டி வரும், துப்பாக்கி வெடிப்பார்கள் என்று பேச்சுப் பரவி, நரிக்குடியிலிருந்துகூட ஆட்கள் வந்து மெயின் ரோட்டில் லாரிக்குக் காத்து நின்றார்கள். இளவட்டங்கள் புளியமரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். டீக்கடையைக்கூட அடைத்துவிட்டார்கள். வளையலைப் பற்றி ஒரு கிழவி ஏதோ ஆரம்பிக்க, தங்கச்செல்வி பார்த்த பார்வையில் அவள் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டாள்.

"அழுதுரு தாயி, அழுதுரு" என்று எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். அவள் மாமியார் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் கருத்தம்மாள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எம் மகன் ஒத்த ஆளா வளந்தவன் தாயி, ஒத்த ஆளாவே போயிட்டானே" என்று சொன்னதும் உடைந்தாள். தலையை விரித்துப்போட்டு மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள். பேச்சுக்காரிதான், ஆனால் அவளுக்குப் பாட வரும் என்றே எனக்கு அன்றுதான் தெரியும்.

"கேம்ப்புன்னு போனீகளே என் ராசா
கண்ணு கேம்ப்புன்னு நெனச்சனே…
கடுதாசி போட்டீகளே என் ராசா
கல்லாட்டம் இருந்தனே…"

நான் பந்தலுக்குப் பின்பக்கம் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கண்மாய்க்கரைப் பக்கம் பார்த்தேன். முந்தின நிறுத்தத்திலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, குறுக்கு வழியாகக் கரைமேல் ஓட்டமும் நடையுமாக ஒரு ஆள் வந்துகொண்டிருந்தது. தோளில் டிரங்குப் பெட்டி, வியர்வையில் நனைந்த சட்டை. பேய் என்று நினைக்கவில்லை. பேய் அப்படி மூச்சு வாங்கிக்கொண்டு பெட்டி சுமந்து வராது.

கொட்டுச் சத்தத்தைக் கேட்டு அம்மா செத்துப்போனாள் என்று நினைத்து ஓடி வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், "ஆத்தாவா மச்சான்?" என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். "பின்ன யாரு?" என்று பந்தல் கீற்றை விலக்கிப் பார்த்தார். அம்மா உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் தலைவிரி கோலமாக அவர் பெண்டாட்டி. நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் பாடுவது யாரைப் பற்றி என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"கதவு ஓரம் நின்னவளக்
காணாமப் போனீகளே…
எட்டிப் பாத்து நின்னீகளே என் ராசா
ஏன்னு ஒண்ணு கேக்கலையே…
வாடின்னு ஒரு சொல்லு
வாய்தொறந்து சொல்லிருந்தா
கட்டுன சீலையோட என் ராசா
கூட நானும் வந்திருப்பனே…"

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக இறங்கியது. துடைக்கவில்லை. பெட்டியைப் போட்டுவிட்டுக் கீற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"வாடி" என்றார். குரல் எழும்பவில்லை. இன்னொரு தடவை ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். "ஏ செல்வி, வாடி!"

கொட்டு நின்றது. பாதிப் பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள், பந்தக்கால் ஒன்று சாய்ந்தது. கருத்தம்மாள் தவழ்ந்து போய் அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, "காலு இருக்கு, எம் மகனுக்குக் காலு இருக்கு" என்று கூவினாள். என் அப்பா எழ முடியாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே அவரைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

தங்கச்செல்வி மட்டும் ஆடாமல் அசையாமல் அவரைப் பார்த்தாள். பிறகு எழுந்து, விரித்த முடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டே கிட்டே போனாள். அவர் நெஞ்சில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.

"இந்த எழவுச் சொல்ல அன்னைக்கே வாசல்ல வச்சுச் சொல்றதுக்கு உங்களுக்கு என்ன கேடு?"

கேட்டுவிட்டு, கட்டியிருந்த சேலையோடு அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.